லாப்டாப்புக்கும் லினக்ஸுக்கும் ஜாதகம் பொருந்துமா?

புது லாப்டாப் வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு ஒரு சின்ன விசேஷமே நடக்கும். டப்பாவின் ஓரத்தில் அம்மா குங்குமம் வைப்பார். 'எத்தனை மாசத் தவணைடா?' என்று அப்பா ஈஸிசேரிலிருந்தே கேட்பார். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, 'விண்டோஸெல்லாம் எதுக்கு? லினக்ஸ் போட்டுருவோம்!' என்று நம்ம ஹீரோ களத்தில் இறங்குவார். அரை மணியில் லினக்ஸ் ஏறிவிடும். அழகான திரை, அம்சமான ஐகான்கள். எல்லாம் இருக்கும்... வை-ஃபை மட்டும் இருக்காது!

வை-ஃபை வர டிரைவர் வேண்டும். டிரைவரை இறக்க வை-ஃபை வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை.

இந்த இடத்தில் சிலர் 'லினக்ஸ் வேஸ்ட்டுப்பா' என்பார்கள். சிலர் லாப்டாப் கம்பெனியைத் திட்டுவார்கள். உண்மையில் மாப்பிள்ளையும் நல்லவர், பெண்ணும் நல்லவள். ஜாதகம் பார்க்காமல் முகூர்த்தம் குறித்ததுதான் தப்பு.

நான் படித்தது பி.காம். எனக்கே புரிகிற விஷயம் உங்களுக்குப் புரியாமல் போகாது. வாங்க, பார்த்துவிடலாம்.

டிரைவர் என்பவர் யார்?

லாப்டாப்புக்குள் இருக்கும் வை-ஃபை சிப், கேமரா, டச்பேட் எல்லாம் ஆளுக்கொரு பாஷை பேசுகிற ஆசாமிகள். அதை ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மொழிபெயர்த்துச் சொல்பவர்தான் டிரைவர். விண்டோஸுக்கு சிப் கம்பெனிக்காரரே டிரைவர் எழுதிக் கொடுத்துவிடுவார். கொடுக்காவிட்டால் சரக்கு விற்காது.

லினக்ஸ் கதை வேறு. 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ், 21 வயசில் ஆரம்பித்து வைத்தது. இதற்கு டிரைவர் வர இரண்டே வழி. சிப் கம்பெனி மனசு வைக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது ஒரு புண்ணியவான் அந்த சிப்பைத் தோண்டித் துருவி, தானே எழுத வேண்டும். சிப்பின் விவரத்தைத் தொழில் ரகசியம் என்று கம்பெனி பூட்டி வைத்துக் கொண்டால், அந்தப் புண்ணியவானுக்கு வருஷக் கணக்கில் சிவராத்திரிதான்.

இது பழைய சண்டை. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் வந்தது. அடிக்கடி பேப்பர் சிக்கியது. சிக்கினால் உடனே தகவல் வரும்படி புரோகிராமை மாற்றலாம் என்று நினைத்தார் அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன். புரோகிராமின் மூலத்தைத் தர மறுத்துவிட்டார்கள். 'நம்ம கூடத்து பிரிண்டரை நாமே ரிப்பேர் செய்யக் கூடாதா?' என்ற கோபமும் சேர்ந்துதான், 1983-ல் 'க்னு' என்ற சுதந்திர மென்பொருள் திட்டத்தை அவர் அறிவித்தார். 2012-ல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில், கிராஃபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா ஒத்துழைக்கவில்லை என்ற எரிச்சலில் டோர்வால்ட்ஸ் நடுவிரலையே காட்டிவிட்டார். அந்தக் கம்பெனி தன் டிரைவரில் ஒரு பகுதியைத் திறந்து விட்டது 2022 மே மாதத்தில்!

வயசுப் பொருத்தம் முக்கியம்

லினக்ஸின் இதயத்துக்கு 'கெர்னல்' என்று பெயர். பெரும்பாலான டிரைவர்கள் அதற்குள்ளேயே குடியிருக்கின்றன. இரண்டு, இரண்டரை மாசத்துக்கு ஒருமுறை புதுக் கெர்னல் வரும். உங்கள் லாப்டாப் போன மாசம் பிறந்தது, நீங்கள் போடும் லினக்ஸ் மூணு வருஷப் பழசு என்றால், அதற்கு இந்த சிப் யாரென்றே தெரியாது.

ஓர் உதாரணம். ரியல்டெக் கம்பெனியின் 8852ஏ.இ. வை-ஃபை சிப்புக்கான டிரைவர் கெர்னலுக்குள் வந்தது 5.16-ல், அதாவது 2022 ஜனவரியில். அதற்கு முன்பே அந்த சிப்போடு லாப்டாப் வாங்கியவர்கள் திண்டாடினார்கள். புதுக் கெர்னல் வந்ததும் அதே லாப்டாப் நல்ல பிள்ளையாகிவிட்டது. ஆகவே புது லாப்டாப் என்றால், இருப்பதிலேயே புதிய பதிப்பைப் போடுங்கள்.

பார்க்க வேண்டிய ஐந்து பொருத்தம்

வை-ஃபை: இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் தொல்லையில்லை. வராவிட்டாலும் பதற வேண்டாம். உங்கள் ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி, 'யு.எஸ்.பி. டெதரிங்'கை ஆன் செய்யுங்கள். போனின் நெட் லாப்டாப்புக்கு வந்துவிடும். அதை வைத்து அப்டேட் செய்தால் பல சமயம் வை-ஃபையும் பின்னாலேயே வரும்.

டிஸ்க்: சில இன்டெல் லாப்டாப்களில், லினக்ஸ் போடும்போது 'டிஸ்க்கே காணோம்' என்று வரும். பயாஸில் 'ஆர்.எஸ்.டி.' என்றோ 'ரெய்டு' என்றோ இருப்பதை 'ஏ.எச்.சி.ஐ.' என்று மாற்ற வேண்டியிருக்கும். விண்டோஸும் கூடவே வேண்டுமென்றால், முதலில் அதை சேஃப் மோடில் கிளம்பும்படி செய்துவிட்டு மாற்றுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும்.

இங்கேதான் உண்மையான ஆபத்து. விண்டோஸ் 11 வந்த பல லாப்டாப்களில், உங்களைக் கேட்காமலே டிஸ்க்குக்குப் பூட்டுப் போட்டிருக்கும். பயாஸில் கை வைத்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோஸாஃப்ட் கணக்கில் இருக்கலாம். முன்கூட்டியே தேடி, ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். சாவியும் இல்லை, காப்பியும் இல்லை என்றால் போட்டோ, ஆபீஸ் ஃபைல் எல்லாம் கோவிந்தா!

கிராஃபிக்ஸ்: என்விடியா டிரைவர் போடும்போது, 'செக்யூர் பூட்' ஆனில் இருந்தால், ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீ-ஸ்டார்ட் செய்ததும் ஒரு நீலத் திரை வரும். வைரஸ் என்று பயந்து கண்டதை அமுக்காதீர்கள். 'என்ரோல்' என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். அவ்வளவுதான். அவசரப்பட்டுத் தாண்டிவிட்டால், டிரைவர் இருந்தும் வேலை செய்யாது.

தூக்கம்: ஆடிட்டர் ஆபீஸ் நண்பர் ஒருவர் லாப்டாப்பை மூடி, பையில் போட்டு பஸ் ஏறினார். இறங்கும்போது முதுகில் இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி சூடு! பழைய லாப்டாப்கள் தூங்கினால் மெமரி தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய அணைந்துவிடும். புது மாடல்கள் பல, செல்போன் மாதிரி அரைத்தூக்கம்தான். உள்ளே ஒரே ஒரு சிப் விழித்திருந்தாலும் பாட்டரி கரைந்துவிடும். ஒரு ராத்திரி மூடி வைத்து, காலையில் எத்தனை சதவிகிதம் குறைந்தது என்று பாருங்கள்.

கைரேகை, கேமரா: கைரேகை ரீடர் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவரே கிடையாது. பாஸ்வேர்டு அடித்துச் சமாளிக்கலாம். சாதாரண வெப்கேம் பெரும்பாலும் உடனே வேலை செய்யும். ஆனால் இன்டெல்லின் 'ஐ.பி.யு.6' பகுதியை நம்பியிருக்கும் கேமராக்கள் நிறையப் பேரை அழ வைத்திருக்கின்றன. தினம் ஆபீஸ் மீட்டிங் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் சோதித்துவிடுங்கள்.

சரி, ஜாதகத்தை எங்கே பார்ப்பது?

ஒரு 8 ஜி.பி. பென்டிரைவ் போதும். உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ அதில் ஏற்றி, அதிலிருந்தே லாப்டாப்பைக் கிளப்பலாம். எஃப்12, எஃப்9, எஸ்கேப் - கம்பெனிக்குத் தகுந்தபடி பட்டன் மாறும். 'முயன்று பார்' என்ற வசதியில் இருக்கும்வரை, நீங்களாக இன்ஸ்டால் கொடுத்தாலொழிய உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. வை-ஃபை வருகிறதா, பாட்டு கேட்கிறதா, மைக் பேசுகிறதா, கேமராவில் உங்கள் முகம் தெரிகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா... பதினைந்து நிமிஷ வேலை. டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ' என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அடித்தால், உள்ளே இருக்கும் முக்கியமான சிப்களின் பெயர், குலம், கோத்திரம் எல்லாம் வரிசையாக வரும்.

ஆன்லைனில் வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் இதைச் செய்துவிடுங்கள். ஐந்து பொருத்தமும் பார்த்து முடிக்கும்வரை விண்டோஸை அழிக்காதீர்கள். லினக்ஸ் போட்டே விற்கும் லாப்டாப்களும் உண்டு. டெல் கம்பெனி 2007-லிருந்தே சில மாடல்களை உபுண்டுவோடு விற்கிறது.

நம் கணக்குப் பிள்ளை பாஷையில் சொன்னால், பென்டிரைவ் செலவு சில நூறு ரூபாய், லாப்டாப் தவணை பன்னிரண்டு மாசம். எதை முதலில் செலவழிப்பது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போகிறவர்கள் பென்டிரைவைப் பையிலேயே வைத்துக் கொள்ளுங்கள். 'ஸார், ஷோரூம் பீஸ்ல அதெல்லாம் சொருகக் கூடாது' என்று விற்பனையாளர் முறைத்தால், கூலாகக் கேளுங்கள்: 'ஏன் ஸார், பைக் வாங்கினப்போ நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலையா?'