கோடையிலும் வாடாத வீட்டுத் தோட்டம்: முதலில் குடத்தை எண்ணுங்கள்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் தை மாதம் பல வீட்டுக் கொல்லைகளில் கத்தரியும் வெண்டையும் செழித்து நிற்கும். பங்குனியில் பாதிச் செடிகள் வாடிவிடும். சித்திரையில் கொல்லை கட்டாந்தரையாகிவிடும். பள்ளி விடுமுறையால் சத்துணவு நின்று, பிள்ளைகள் மூன்று வேளையும் வீட்டில் சாப்பிடும் நாட்கள் அவை. அப்போதுதான் கொல்லையில் ஒரு பிடி கீரைகூட இருக்காது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கீரை உள்பட ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி சாப்பிட வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ம் ஆண்டு வழிகாட்டுதல். கோடையில் இதை முழுவதும் கடையில் வாங்குவது கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு எளிதல்ல.

தோட்டம் காய்வதற்கு வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது. இருக்கும் தண்ணீருக்கு மேல் செடி வைப்பதே பெரும்பாலும் காரணம். எனவே விதை வாங்கும் முன் தண்ணீரைக் கணக்கிடுங்கள்.

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு இடம்?

கோடையில் ஒரு சதுர மீட்டர் காய்கறிப் பாத்திக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 லிட்டர் தண்ணீர் தேவை. ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர். முழுவதும் பயிர் செய்தால் தினமும் 200 லிட்டருக்கு மேல் வேண்டும்.

ஊரகக் குடிநீர்த் திட்டமான ஜல் ஜீவன் இயக்கத்தின் அளவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். இதில் மறுபடி பயன்படுத்தக்கூடியதை 15 லிட்டர் குடத்தால் அளந்து பாருங்கள். குளியல் தண்ணீர் 4 குடம், பாத்திரம் கழுவியது 1 குடம், துணி அலசியது 1 குடம், அரிசியும் காயும் கழுவியது 1 குடம் என 7 குடம், அதாவது சுமார் 100 லிட்டர் கிடைக்கும். இது 20 சதுர மீட்டருக்கு, அதாவது அரை சென்ட்டுக்குப் போதும். உங்கள் வீட்டில் 4 குடம்தான் தேறுகிறது என்றால் தோட்டத்தையும் அதற்கேற்பச் சுருக்குங்கள்.

துணி துவைத்த முதல் சோப்புத் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள சோடியம் உப்பு மண்ணை இறுக்கிவிடும். அரிசி, காய் கழுவிய தண்ணீரைக் கீரைக்கு மட்டும் ஒதுக்குங்கள். மற்றதைச் செடியின் தூரில் ஊற்றுங்கள். இலையிலும் காயிலும் படக் கூடாது. எதையும் அன்றன்றே பயன்படுத்திவிட வேண்டும். ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாற்றமும் கொசுவும் வரும்.

அரை சென்ட்டில் என்ன வைக்கலாம்?

* கீரை: 1.5 சதுர மீட்டரில் இரண்டு பாத்திகள். முதல் பாத்தி விதைத்து மூன்று வாரம் கழித்து இரண்டாவது. முளைக்கீரை 25 நாளில் பறிக்கலாம்.
* வெண்டை: 45-க்கு 30 செ.மீ. இடைவெளியில் 20 செடிகள். மஞ்சள் நரம்புத் தேமலைத் தாங்கும் அர்க்கா அனாமிகா போன்ற ரகம் நல்லது.
* கொத்தவரை: 45-க்கு 15 செ.மீ. இடைவெளியில் 30 செடிகள். வறட்சியைத் தாங்கும்.
* கத்தரி 8, மிளகாய் 10 செடிகள்.
* பீர்க்கு அல்லது புடலை: இரண்டு குழிகள். கொடியைக் கீரைப் பாத்தியின் மேல் பந்தலில் ஏற்றினால் கீரைக்கு நிழல் கிடைக்கும்.
* வேலியோரம் செடிமுருங்கை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று.

வெண்டையை மாசி முதல் வாரத்தில் விதைத்தால் 45 நாளில் பறிப்பு தொடங்கி, விடுமுறை முழுவதும் காய் கிடைக்கும். கீரை உணவுடன் எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும்.

சமவெளியும் மலையும் ஒன்றல்ல

பகலில் 35 டிகிரி, இரவில் 24 டிகிரி செல்சியசைத் தாண்டினால் தக்காளியில் மகரந்தம் பழுதாகிப் பூ உதிரும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதிகளில் சித்திரையில் இதுதான் நடக்கிறது. உரம் போட்டும் மருந்தடித்தும் பயனில்லை. அந்தத் தண்ணீரை வெண்டைக்கும் கொத்தவரைக்கும் கொடுங்கள்.

நூறு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.6 டிகிரி வெப்பம் குறையும். அதனால் வெள்ளிமலை, கரியாலூர் போன்ற கல்வராயன் மலை ஊர்களில் இரவு குளிர்ந்திருக்கும். அங்கே கோடையிலும் தக்காளி பிடிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஓடையும் ஊற்றும் வற்றி, தண்ணீருக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டிய வீடுகளில் 20 சதுர மீட்டர் என்பது அதிகம். ஒரு கீரைப் பாத்தி, ஐந்து செடிகள் என வைத்துக்கொள்ளுங்கள். பந்தல் அவரையின் நாட்டு ரகங்கள் பகல் பொழுது குறுகும்போதுதான் பூக்கும். எனவே இப்போது குத்தவரையைத் தேர்ந்தெடுங்கள்.

பூவுக்கும் இடம் உண்டு

கார்த்திகையில் கவாத்து செய்த குண்டுமல்லி, பங்குனி முதல் பூக்கும். இரண்டு செடிகள் இருந்தாலே வீட்டுத் தேவைக்குப் பூ கிடைக்கும். கனகாம்பரத்தை லேசான நிழலில் வைக்கலாம். பாத்தி ஓரத்தில் துலுக்கச் சாமந்தி வைத்தால் தக்காளிக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியை அது தன்பால் ஈர்க்கும், நூற்புழுவையும் குறைக்கும். அரளி வறட்சியைத் தாங்கும். ஆனால் செடி முழுவதும் நஞ்சு என்பதால் குழந்தைகளும் ஆடுகளும் நெருங்காத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

ஈரம் காக்கும் வழிகள்

இந்த மாவட்டத்தில் கரும்புச் சோகை தாராளமாகக் கிடைக்கும். அதை எரிக்காமல் 5 முதல் 7 செ.மீ. கனத்துக்குத் தூரைச் சுற்றிப் பரப்புங்கள். காய்கறிக் குழிகளுக்குப் பானைப் பாசனமும் ஏற்றது. வர்ணம் பூசாத 5 லிட்டர் மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, சுற்றி நான்கு செடிகள் நடலாம். இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் நிரப்பி மூடி வையுங்கள். சோப்புத் தண்ணீர் பானையின் நுண்துளைகளை அடைத்துவிடும்.

கோடையில் வெள்ளை ஈ, அசுவினி, சிலந்திப்பேன் பெருகும். லிட்டருக்கு 3 மி.லி. வேப்ப எண்ணெயுடன் சிறிது காதிசோப்புக் கரைசல் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். வீட்டார் அன்றாடம் பறித்துச் சாப்பிடும் செடிகளில் வயலுக்கு வாங்கிய பூச்சிக்கொல்லியைத் தெளிக்கவே கூடாது.

கடைசியாக ஒன்று. பல வீடுகளில் தண்ணீர் பிடிப்பது, சுமப்பது, ஊற்றுவது மூன்றும் ஒரே பெண்ணின் தலையில் விழுகிறது. அவர் ஒரு வாரம் படுத்தால் தோட்டமும் படுத்துவிடும். காலையில் ஆண்கள் இரண்டு குடம், மாலையில் பிள்ளைகள் கீரைப் பாத்திக்கு ஒரு குடம் என இன்றே பிரித்துக்கொள்ளுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விதைப் பொட்டலம் கொடுக்கும் முன், "உங்கள் வீட்டில் தினமும் எத்தனை குடம் மிஞ்சும், அதை யார் ஊற்றுவார்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்கு ஏற்ற அளவு விதை கொடுத்தால் போதும். விதை, ரகம் பற்றிய விவரங்களுக்கு விவசாயிகள் தங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம்.