கடை இல்லாத போன்

பாராபுல்லா கால்வாயின் கரையில் மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி இருந்தவரை, அங்கிருந்த பெண்களில் பலருக்கு ஜங்புராவின் பங்களா வீடுகளில்தான் வேலை. டெல்லியில் அந்த வீடுகளுக்குக் 'கோட்டி' என்று பெயர். கோட்டியிலிருந்து பழைய சேலை வரும், பழைய மிக்ஸி வரும், பழைய போனும் வரும். 2025 ஜூன் 1ஆம் தேதி, உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் கேம்ப் இடிக்கப்பட்டது. அங்கே 370 குடும்பங்கள் இருந்தன. தகுதிப் பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு மட்டும் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி நரேலாவில் அடுக்குமாடி வீடு. வேலை ஒரு மூலையில், வீடு இன்னொரு மூலையில் என்றானவர்களுக்கு, பிள்ளை பள்ளியிலிருந்து கிளம்பிவிட்டதா, சம்பளம் ஏறிவிட்டதா என்பதெல்லாம் அந்தப் பழைய போன் சொன்னால்தான் தெரியும்.

பழைய போனுக்கு ஒரு வியாதி உண்டு. கம்பெனி அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிடும். கொஞ்ச காலத்தில் வாட்ஸ்அப்பும் கைவிரிக்கும். ஜங்புரா மெட்ரோவில் ஏறினால் நான்காவது நிறுத்தம் நேரு பிளேஸ், நாட்டின் பெரிய கம்ப்யூட்டர் சந்தைகளில் ஒன்று. அங்கேயோ, கம்ப்யூட்டர் தெரிந்த பக்கத்து வீட்டுப் பையனிடமோ கொடுத்தால், லீனியேஜ் ஓஎஸ் போன்ற 'கஸ்டம் ரோம்' ஒன்றை, அதாவது கம்பெனி தராத மாற்று ஆண்ட்ராய்டை, ஏற்றி போனுக்கு உயிர் கொடுத்துவிட முடியும். திரை பளிச்சென்று வரும். கேமரா இருக்கும், காலண்டர் இருக்கும். பிளே ஸ்டோரின் வண்ண முக்கோணத்தை மட்டும் எங்கே தேடினாலும் காணோம்.

ரோம் செய்தவர்களின் மறதி அல்ல அது. ஆண்ட்ராய்டின் அடிப்படை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைக்கப்பட்டது. பிளே ஸ்டோர், ஜிமெயில், யூடியூப் எல்லாம் கூகுளின் சொந்தச் சரக்கு. போன் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டுத்தான் அவற்றை வைக்க முடியும். 2009இல் ஸ்டீவ் கோண்டிக் என்ற அமெரிக்க நிரலாளர் சயனோஜென்மாட் என்ற ரோமை இந்தச் சரக்கையும் சேர்த்தே வெளியிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் கூகுளிடமிருந்து 'நிறுத்து' என்று வக்கீல் கடிதம் வந்தது. அதிலிருந்து ரோம் ஒரு பொட்டலம், கூகுள் ஆப்கள் வேறொரு பொட்டலம். இரண்டாவதற்கு 'ஜி-ஆப்ஸ்' என்று பெயர் நிலைத்துவிட்டது. சயனோஜென்மாட் 2016 டிசம்பரில் மூடப்பட்டு, லீனியேஜ் ஓஎஸ் என்று மறுபிறவி எடுத்தபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

சயனோஜெனுக்கு டெல்லியோடு ஒரு வழக்குத் தொடர்பும் உண்டு. அதை வணிகமாக்க எழுந்த நிறுவனம் 2014இல் மைக்ரோமேக்ஸ் என்ற போன் கம்பெனிக்கு இந்தியாவில் தனியுரிமை கொடுத்தது. அதே ரோமோடு ஒன்பிளஸ் ஒன் போனும் இங்கே விற்பனைக்கு வந்தது. மைக்ரோமேக்ஸ் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக, டிசம்பரில் ஒன்பிளஸுக்குத் தடை விழுந்தது. அதே மாதம் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. சண்டைக்குப் பிறகு ஒன்பிளஸ் தனக்கென்று ஆக்சிஜன் ஓஎஸ் செய்துகொண்டது.

சரி, காணாமல் போன கடையை எப்படிக் கொண்டுவருவது? பலரும் முதலில் செய்யும் தப்பு, பிளே ஸ்டோரை நிறுவும் ஏபிகே கோப்பை மட்டும் எங்கிருந்தோ இறக்கித் தட்டுவது. ஐகான் வரும், திறந்தால் மூடிக்கொள்ளும். பிளே சர்வீசஸ் என்ற பின்னணிக் கூட்டம் சிஸ்டத்துக்குள்ளேயே தனி அதிகாரத்தோடு உட்கார்ந்தால்தான் கடை நடக்கும். அதனால் ஜி-ஆப்ஸ் பொட்டலத்தை 'ரெக்கவரி' என்ற பழுதுபார்ப்புத் திரை வழியாக ஏற்ற வேண்டும். லீனியேஜ் ஓஎஸ்ஸின் வழிகாட்டி இதற்கு மைண்ட்தஜிஆப்ஸ் என்ற பொட்டலத்தைச் சொல்கிறது. லீனியேஜ் 21 என்றால் ஆண்ட்ராய்டு 14க்கான பொட்டலம், 22 என்றால் 15க்கானது. பிராசசர் 32 பிட்டா 64 பிட்டா என்பதும் பொருந்த வேண்டும்.

வரிசையும் முக்கியம். ரோமை ஏற்றிய கையோடு, போன் முதல் முறை உயிர் பெறுவதற்கு முன்பே, ஜி-ஆப்ஸ் போய்விட வேண்டும். ஆசையில் ஒரு தடவை ஆன் செய்து பார்த்துவிட்டால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். கையெழுத்துச் சரிபார்ப்பு தோற்றது, இருந்தும் ஏற்றவா என்று ரெக்கவரி கேட்கும். பொட்டலத்தில் லீனியேஜின் முத்திரை இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். நம்பகமான இடத்திலிருந்து எடுத்தது என்றால் ஆமாம் சொல்லலாம். போனோடு கேபிளில் இணைத்த கம்ப்யூட்டரின் திரையிலோ, ஏற்றத்தின் எண்ணிக்கை சில சமயம் 47 சதவீதத்தில் நின்றுவிடும். கீழே ஒரு வரி: 'கட்டளையைப் படிப்பதில் தோல்வி: வெற்றி.' வேலை முடிந்துவிட்டது என்று இதற்குப் பொருள்! நிரலாளர்களுக்கு நகைச்சுவை கிடையாது என்று யார் சொன்னது? விஷயம் தெரியாதவர் இந்த இடத்தில் கேபிளைப் பிடுங்கிவிட்டு வியர்த்துக்கொண்டிருப்பார்.

கடை வந்த பிறகும் ஒரு வாசல்காரன் நிற்கிறான். 'இந்தச் சாதனம் சான்று பெறவில்லை' என்று கூகுள் கணக்கே ஏற மறுக்கலாம். 2018இலிருந்து கூகுள் இதில் கெடுபிடி காட்டுகிறது. கஸ்டம் ரோம்காரர்களுக்காக ஒரு பதிவுப் பக்கத்தையும் திறந்து வைத்திருக்கிறது. போனின் அடையாள எண்ணை அங்கே பதிந்தால் கடை திறக்கும்.

வங்கி ஆப்கள் அவ்வளவு லேசில் மசியாது. பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனை வழியாக அவை போனை விசாரிக்கும். கஸ்டம் ரோம் ஏற்றுவதற்காகப் பூட்லோடர் பூட்டைத் திறந்த போன் என்று தெரிந்தால் பல ஆப்கள் உள்ளே விடாது. பத்து வருஷம் பாதுகாப்பு அப்டேட்டே காணாத பழைய போன் கம்பெனி முத்திரையோடு இருந்தால் தேறிவிடுகிறது. போன மாதத்து அப்டேட்டோடு இருக்கும் கஸ்டம் ரோம் தோற்றுவிடுகிறது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யுபிஐ 123பே, பட்டன் போனிலேயே பணம் அனுப்ப வழி செய்கிறது. பட்டன் போனுக்குக் கிடைத்த நம்பிக்கை கஸ்டம் ரோம் போனுக்கு இல்லை. சம்பளம் யுபிஐயில் வருகிறவர், வீட்டில் இருக்கிற ஒரே போனில் இந்தப் பரீட்சையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

பிளே ஸ்டோர்தான் வேண்டும் என்றில்லை. திறந்த மூல ஆப்களுக்கு 2010இலிருந்தே எஃப்-டிராய்டு இருக்கிறது. கூகுள் கணக்கு இல்லாமலே பிளே ஸ்டோரின் இலவச ஆப்களை அரோரா ஸ்டோர் இறக்கித் தரும். போன்பே 2024 பிப்ரவரியில் டெல்லியில் தொடங்கிய இண்டஸ் ஆப்ஸ்டோர், தமிழிலும் கடை விரித்திருக்கிறது. சென்னை ஐஐடியின் ஆதரவில் உருவாகி 2023 ஜனவரியில் அறிமுகமான பார்ஓஎஸ், முன்கூட்டியே எந்த ஆப்பையும் திணிக்காமல் தனிக் கடையோடு வருகிறது.

மாற்றுக் கடைகளையும் பிளே ஸ்டோருக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் கூகுளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் உத்தரவிட்டது, 1,337.76 கோடி ரூபாய் அபராதத்தோடு. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை விட்டுவைத்து, அந்த உத்தரவை எடுத்துவிட்டது.

2025 ஆகஸ்டில் கூகுள் இன்னொரு அறிவிப்பு விட்டது: தன்னிடம் அடையாளம் காட்டிப் பதிந்துகொள்ளாதவர் செய்த ஆப்களை வெளியிலிருந்து இறக்கி நிறுவவும் கட்டுப்பாடு வரும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கு. எஃப்-டிராய்டு கொதித்தெழுந்தது, விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி விடுவோம் என்று நவம்பரில் கூகுள் கொஞ்சம் இறங்கி வந்தது. அறிவிப்பை உற்றுப் படித்தால், இந்த விதி சான்று பெற்ற போன்களுக்குத்தான். கடை இல்லாத போனைத் தொடாது.