துப்பாக்கி உறை தைக்கும் நூல்: கடைக்காரர் அறிய வேண்டியவை

அரிசி, பருப்பு, எண்ணெய் பற்றியே எழுதி வரும் இந்தப் பக்கங்களில் நூலைப் பற்றி, அதுவும் துப்பாக்கி உறை தைக்கும் நூலைப் பற்றி என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஆவடியிலும் பட்டாபிராமிலும் கடை வைத்திருப்பவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்தில் ராணுவ உடை தைக்கும் தொழிற்சாலை 1961 முதல் இருக்கிறது. 2021 அக்டோபரில் அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. சிறப்புக் காவல் படையினரும் மத்திய ரிசர்வ் போலீசாரும் குடும்பத்தோடு தங்கியிருக்கும் ஊர். 2022 ஜனவரி 1 முதல் ஆவடிக்கென்று தனிக் காவல் ஆணையரகமே வந்துவிட்டது. பெல்ட், பௌச், ரிவால்வர் உறை தைப்பவர்களும், பிரிந்த தையலைச் சரி செய்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் நூலுக்கு நம் கடைக்குத்தான் வருகிறார்கள். மளிகையோடு நூல், ஊசி, பட்டன் வைத்து விற்காத சிறு கடை நம் பகுதியில் எத்தனை?

எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறோம். 1994ஆம் ஆண்டு. மொத்த வியாபாரத்தை எங்கள் தந்தையார் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாவில் நாங்கள் இருந்தோம். பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து தோல் வேலை செய்யும் ஒருவர் வந்து, "அண்ணாச்சி, 20 நம்பர் நூல் அஞ்சு கோன் குடுங்க" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. கையருகே 20 நம்பர் பருத்தி நூல் இருந்தது. எடுத்துக் கொடுத்து பில் போட்டோம். அவருக்கும் அவசரம், பிரித்துப் பார்க்கவில்லை. அந்த நூலில் ஒரு காவல் ஏஜென்சிக்கு முப்பது ரிவால்வர் உறை தைத்துக் கொடுத்துவிட்டார்.

ஐப்பசி மழை முடிவதற்குள் உறைகள் திரும்ப ஆரம்பித்தன. ஒரு காவலாளி சைக்கிளிலிருந்து இறங்கும்போது உறையின் அடித்தையல் பிரிந்து ரிவால்வர் தார் ரோட்டில் விழுந்திருக்கிறது. குண்டு போட்ட துப்பாக்கி. வெடிக்கவில்லை, பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டபோது எங்களுக்குக் கை நடுங்கியது. தைத்தவர் கடைக்கு வந்து சத்தம் போடவில்லை. "நான் நம்பர் சொன்னேன், நீங்க நம்பர் குடுத்தீங்க. யார் மேல தப்புன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்று மட்டும் கேட்டார். தந்தையார் பதில் பேசாமல் முப்பது உறையையும் மறுபடி தைக்க நூலும் கூலியும் கொடுத்தார். அன்றைய நிலையில் அது எங்களுக்குச் சிறு தொகையல்ல.

தவறு எங்கே என்றால் அந்த ‘20’ என்ற எண்ணில்தான். பருத்தி நூலில் 20 என்றால், ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டங்கள் இருபது என்று பொருள். அப்படிப்பட்ட மூன்று புரி சேர்த்த தையல் நூல், இன்றைய அளவில் சுமார் 90 டெக்ஸ் வரும். நைலான், பாலியெஸ்டர் நூலில் அச்சிட்டிருக்கும் 20 என்பது டிக்கெட் எண். அந்த நூல் சுமார் 135 டெக்ஸ். ஒரே எண், ஒன்றரை மடங்கு தடிமன். பலத்தைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் அதிகம். பருத்தி மூன்று கிலோ அளவில் அறுந்துவிடும். நைலான் சுமார் பத்து கிலோ தாங்கும்.

டெக்ஸ் என்பது ஆயிரம் மீட்டர் நூலின் எடை, கிராமில். நமக்குத் தராசு பழக்கம். இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். எடை கூடினால் நூல் தடிமன், அவ்வளவுதான். டிக்கெட் எண் இதற்குத் தலைகீழ்: 3000ஐ டெக்ஸால் வகுத்தால் கிட்டத்தட்ட டிக்கெட் எண் வரும். ஆகவே 120 என்பது சட்டை தைக்கும் மெல்லிய நூல், 40 என்பது பை தைக்கும் நூல், 20 கனமானது, 10 அதைவிடக் கனம். அமெரிக்க முறையில் 138, 207, 277 என்று போட்டு வரும் கோன்களும் மார்க்கெட்டில் உண்டு. அங்கே எண் கூடினால் தடிமனும் கூடும். மூன்று முறைகளும் ஒரே அலமாரியில் கலந்து கிடந்தால் எங்களுக்கு ஆனதுதான் யாருக்கும் ஆகும். இன்றும் எங்கள் பில்லில் எண்ணோடு டெக்ஸையும் எழுதுகிறோம்.

சரி, துப்பாக்கி உறைக்கு எது? உறைக்கு ஏற்ற தோல் மரப்பட்டையில் பதனிட்ட கெட்டித் தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட நம் ஊர்த் தோல் ஈ.ஐ. லெதர் என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. 2008இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நனைத்து அச்சில் வைத்தால் அந்த வகைத் தோல் உருவம் பிடித்து நிற்கும். குரோம் தோல் மெத்தென்று இருக்கும், உருவம் நிற்காது. உறைக்கான தோல் ஒரு பக்கம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு பக்கம் சேர்த்துத் தைக்கும் இடத்தில் ஏழு மில்லிமீட்டர். நடுவே பட்டை வைத்தால் இன்னும் அதிகம். இதற்கு 200 முதல் 270 டெக்ஸ் வரை, அதாவது டிக்கெட் எண் 15 முதல் 10 வரையிலான நூல் வேண்டும். ஊசி 180 அல்லது 200. ஊசியின் எண் என்பது அதன் விட்டம், மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்காக. 180 என்றால் 1.8 மில்லிமீட்டர். நுனி தோலை வெட்டும் வகையாக இருக்க வேண்டும், துணி ஊசி உதவாது. சிறிய குண்டு பௌச்சுக்கு டிக்கெட் 20 நூலும் 140 ஊசியும் போதும்.

எவ்வளவு கனமான நூலோ அவ்வளவு நல்லது என்று ஒரு நினைப்பு உண்டு. கனமான நூலுக்குப் பெரிய ஊசி, பெரிய ஊசிக்குப் பெரிய ஓட்டை. ஓட்டைகளை நெருக்கமாகப் போட்டால் தபால்தலைத் தாள் கிழிவதுபோல் தோலே அந்தக் கோட்டில் கிழிந்துவிடும். தையலுக்குத் தையல் 3 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்.

நைலானா பாலியெஸ்டரா என்ற கேள்வி அடிக்கடி வரும். நைலான் உராய்வைத் தாங்கும், இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். வெயிலில் நாள்பட்டால் பலம் குறையும். பாலியெஸ்டர் வெயிலுக்கு மேல். ஈரத்தையும் அநேகமாக உறிஞ்சாது. காற்றின் ஈரத்தில் நைலான் தன் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு நீர் பிடிக்கும், பாலியெஸ்டர் அரைப் பங்குகூடப் பிடிக்காது. நாள் முழுக்கச் சாலையில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்குப் பாலியெஸ்டர், உருவி வைத்துப் பழகும் பயிற்சி உறைக்கு நைலான் என்று எங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறோம். இரண்டில் எது போட்டாலும் பழுதில்லை. பருத்தி மட்டும் கூடாது. வியர்வையும் மழையும் பட்டால் பூஞ்சை பிடித்து உள்ளுக்குள் இற்றுப்போகும்; வெளியே பார்த்தால் தெரியாது. 1994இல் நடந்தது அதுதான்.

பருத்தியை நைலான் என்று சொல்லி யாராவது தள்ளினால் ஒரு துண்டை நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலாகும். செயற்கை நூல் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். பாலியெஸ்டரில் கரும்புகை அதிகம். உள்ளங்கையில் வைத்துச் சோதிக்காதீர்கள், உருகிய துளி ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும்.

கனத்த தோலுக்கு ‘பாண்டட்’ என்று அச்சிட்ட நூலே கேளுங்கள். புரிகள் பிரியாமல் பிசின் பூசியது. முனையை வெட்டி இரு விரலுக்கிடையில் நன்றாகத் தேய்த்துப் பார்த்தால் போதும்; புரி பிரிந்து பஞ்சுபோல் ஆனால் அது பாண்டட் அல்ல. கையால் தைப்பவர்களுக்கு மெழுகு நூல். தேன்மெழுகு பூசியது நன்று. மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் உதிர்ந்துவிடும். மெழுகு நூலை வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் இளகித் தூசி ஒட்டும், பிறகு விலை போகாது.

கைத்தையல், மெஷின் தையல் பற்றி நம் மளிகைக் கடைக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரிசிச் சிப்பமே விளக்கிவிடும். 25 கிலோ மூட்டையின் வாயில் மெஷின் போடுவது சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் சரசரவென்று உருவி வந்துவிடும். மூட்டைக்கு அதுதான் வேண்டும். உறைக்கு அதுவே ஆபத்து. தோல் மெஷினில் மேல் நூலும் பாபின் நூலும் தோலுக்குள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும், உருவாது. ஆனாலும் ஒரு பக்க நூல் தேய்ந்து அறுந்தால் அந்த இடம் நெகிழும். பழைய கைத்தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, குத்தூசியால் போட்ட ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டையும் எதிரெதிராக வாங்குவார்கள். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். குதிரைச் சேணம் தைத்த முறை அது. நாள் ஒன்றுக்கு நாலைந்து உறைதான் முடியும் என்பதால் கூலி அதிகம். ஆனால் நல்ல கைத்தையல் உறையைத் தையல் பிரிந்து நாங்கள் பார்த்ததில்லை.

கைத்தையலுக்குத் தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூலும், பிடித்து இழுக்கக் கொஞ்சமும் வேண்டும். 60 சென்டிமீட்டர் தையலுக்கு மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கோன் முழுதாக வாங்க முடியாதவருக்கு மீட்டர் கணக்கில் அளந்து கொடுங்கள். செருப்பு தைப்பவர் முதற்கொண்டு வாங்குவார்.

சிறு கடைக்கு இருப்பு அதிகம் வேண்டாம். பாண்டட் நூல் டிக்கெட் 20, கறுப்பும் பழுப்பும். டிக்கெட் 10 பழுப்பு மட்டும். மெழுகு நூல் ஒரு டஜன் சிறு கண்டு. இதற்கு மேல் பெரியமேட்டில் தோல் சாமான் கடைகள் இருக்கின்றன, அனுப்பிவிடலாம். சிட்டங்களிலிருந்து சுற்றி, பெயரும் அளவும் இல்லாமல் மலிவாக வரும் கோன்களை வாங்காதீர்கள். 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி பொட்டலமிட்ட பொருளில் தயாரிப்பாளர் பெயர், நிகர அளவு, அதிகபட்ச விலை இருக்க வேண்டும். ஆய்வாளர் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். செயற்கை இழைத் தையல் நூலுக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகிவிட்டது. பழைய விலை அச்சிட்ட கோன்கள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. கொள்முதல் செய்யும்போது கவனியுங்கள்.

அந்தப் பூந்தமல்லிக்காரர் இப்போது தொழிலில் இல்லை, மகன் பார்க்கிறார். கோன் எடுத்தால் கடை வாசலிலேயே முனையை வெட்டித் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுகிறார்.