கீசருக்குள் ஓர் இயற்பியல் பாடம்

சென்ற மார்கழியில் ஒரு நாள் எங்கள் வீட்டுக் கீசரில் நீர் சூடாகவில்லை. பழுது பார்க்க வந்தவர், “தெர்மோஸ்டாட் போயிடுச்சு சார். இப்போதைக்கு அதை விட்டுட்டு நேரா கனெக்‌ஷன் கொடுத்திடறேன். நீங்க மறக்காம ஆஃப் பண்ணிட்டாப் போதும்” என்றார். நான் சம்மதிக்கவில்லை. புதியதை வாங்கி வந்து மாற்றச் சொல்லி, அருகிலேயே நின்று கவனித்தேன்.

தெர்மோஸ்டாட் என்பது வெப்பநிலையால் இயங்கும் ஒரு சுவிட்ச். எங்கள் கீசரில் இருந்தது குச்சி வடிவிலானது. பித்தளைக் குழாய்க்குள் இன்வார் தண்டு ஒன்று. இரண்டும் ஒரு முனையில் இணைக்கப்பட்டிருக்கும். நீர் சூடாகும்போது பித்தளை நீள்கிறது. 36 விழுக்காடு நிக்கல் கலந்த இரும்புக் கலவையான இன்வார் மிகக் குறைவாகவே நீள்கிறது. இந்த வேறுபாடு தண்டை இழுத்து, சுவிட்சைத் திறக்கிறது. நீர் ஆறியதும் சுற்று மீண்டும் மூடுகிறது. இன்வாரைக் கண்டறிந்த குய்யோம் 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

மாற்றும் பணி இப்படி நடந்தது. முதலில் எம்.சி.பி.யை அணைத்து, பிளக்கையும் கழற்றினார். மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்த பிறகே மூடியைத் திறந்தார். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்பதை நான் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். பழைய குச்சியை உருவிவிட்டு, அதே நீளமும் அதே ஆம்பியர் அளவும் கொண்ட புதியதைச் செருகினார். பேஸ் கம்பி தெர்மோஸ்டாட் வழியாகச் சூடேற்றும் சுருளுக்குச் சென்றது. நியூட்ரல் நேராகச் சுருளுக்கு. எர்த் உலோக உடலுக்கு. தெர்மோஸ்டாட்டை நியூட்ரலில் இணைத்தாலும் நீர் சூடாகும். ஆனால் சுற்று திறந்த பின்னும் சுருளில் 230 வோல்ட் நிற்கும், தொடுபவருக்கு ஆபத்து.

நேராக இணைத்திருந்தால் என்ன ஆகும்? யாரேனும் அணைக்க மறந்தால் நீர் கொதித்து, தொட்டிக்குள் அழுத்தம் ஏறும். அளவுமீறிய வெப்பத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டையும் சேர்த்து விலக்கிவிட்டால், மிஞ்சுவது பாதுகாப்பு வால்வு மட்டுமே. அதிலும் உப்புப் படிந்து அடைத்திருந்தால் தொட்டி வெடிக்கலாம். இது நம் மாணவர்களின் வீடுகளுக்கும் பொருந்தும் எச்சரிக்கை.

கழற்றிய பழைய தெர்மோஸ்டாட்டை மறுநாள் பத்தாம் வகுப்பிற்கு எடுத்துச் சென்றேன். “திருகியை 60இலிருந்து 75க்கு மாற்றினால் நீர் வேகமாகச் சூடாகுமா?” என்று கேட்டேன். பெரும்பாலோர் “ஆமாம்” என்றனர். கணக்கிடச் சொன்னேன். 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியசுக்கு உயர்த்த 15 × 4200 × 35 = 22,05,000 ஜூல் தேவை. 2000 வாட் சுருளுக்கு இது ஏறத்தாழ 18 நிமிட வேலை. திருகியை எங்கே வைத்தாலும் சுருளின் திறன் மாறாது. எப்போது நிறுத்துவது என்பதை மட்டுமே திருகி தீர்மானிக்கிறது.

வெப்ப விரிவும் மின்சுற்றும் தனித்தனிப் பாடங்கள் என்று எண்ணியிருந்தவர்கள், இரண்டும் ஒரே குச்சியில் சேர்வதைக் கண்டனர். கீசரைத் திறப்பது பயிற்சி பெற்றவரின் வேலை என்பதையும், நேர் இணைப்புக்கு ஒருபோதும் ஒப்பக்கூடாது என்பதையும் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். அன்று மாலையே ஒரு மாணவி தன் வீட்டுக் கீசரைப் பற்றித் தந்தையிடம் விசாரித்திருக்கிறாள்.