உருண்டை இழையாகும்போது

கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. அந்த நிலையில் அது உருண்டையான ஈஸ்ட், தொந்தரவு எதுவும் தருவதில்லை. அதுவே இழையிழையாக நீளத் தொடங்கும்போதுதான் கைக்குழந்தையின் நாக்கில் வெண்படலம் படிகிறது, பெண்களுக்குத் திரிதிரியாக வெள்ளைப்பட்டு அரிப்பெடுக்கிறது.

இந்த உருமாற்றத்தை ஆய்வுக்கூடத்தில் கண்ணால் பார்க்கலாம். மனித சீரத்தில் பூஞ்சையைக் கலந்து 37 டிகிரி வெப்பத்தில் வைத்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் உருண்டைகளின் பக்கத்திலிருந்து குழாய் போல முளை கிளம்பும். இந்த முளையைப் பார்த்தே இன்ன பூஞ்சை என்று கண்டுபிடிப்பது பழைய, மலிவான சோதனை. உடலுக்குள் அந்த இழை வாயின் உள்தோலைத் துளைத்து நுழைகிறது. செல்களின் சவ்வைச் சிதைக்கும் கேண்டிடாலைசின் என்ற நச்சையும் இழை வடிவம்தான் சுரக்கிறது என்பது 2016-ல் தெரியவந்தது. அதற்கும் முன்பே, 2003-ல் வெளியான ஆய்வொன்றில், உருண்டையாகவே இருக்கும்படி கட்டுப்படுத்திய பூஞ்சை எலிகளின் உறுப்புகள்வரை பரவியும் அவை சாகவில்லை. இழையாக மாற விட்டதும் இறந்தன. ஆனாலும் வடிவம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. கேண்டிடா ஆரிஸ் என்ற இன்னொரு பூஞ்சை பெரும்பாலும் இழைவிடுவதில்லை, ஆனால் ஐ.சி.யு. நோயாளிகளின் உயிரைப் பறிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பட்டியலில் இவ்விரு பூஞ்சைகளுமே மிக ஆபத்தான பிரிவில் உள்ளன.

அடங்கிக் கிடக்கும் பூஞ்சையைத் தூண்டிவிடுவதில் நம் பழக்கங்களுக்கும் பங்குண்டு. தேவையில்லாத ஆன்டிபயாடிக் அதை அடக்கிவைக்கும் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுகிறது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தபின் வாய் கொப்பளிக்காமல் விடுவது, இரவிலும் கழற்றாத பல்செட் எல்லாமே அதற்குச் சாதகம்தான்.

சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்பது சட்டப்படி குற்றம். அரிப்புக்குத் தரப்படும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் பலவற்றுக்கும் 2018-லிருந்து சீட்டு கட்டாயம். அந்தக் களிம்பு அரிப்பை இரண்டு நாள் அமுக்கிவைக்கும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். பில் கேட்டு வாங்குங்கள்; சீட்டில்லாமல் விற்கும் கடையைப் பற்றி மருந்து ஆய்வாளரிடம் புகார் செய்யலாம்.

ஐ.சி.யு.வில் இருப்பவருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் தணியவில்லை என்றால், ரத்தத்தில் பூஞ்சை இருக்கிறதா என்று கல்ச்சர் பார்த்தார்களா, கழுத்து ரத்தக்குழாயில் போட்ட குழாய் இன்னும் தேவைதானா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.

பெரியவர்களுக்கு வாயில் வெண்படலம் திரும்பத் திரும்ப வந்தால் மருந்து தடவியதோடு விட்டுவிடக் கூடாது. சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பார்த்துக்கொள்வது அவசியம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். உங்கள் சம்மதமில்லாமல் பரிசோதிக்கவோ முடிவைப் பிறரிடம் சொல்லவோ கூடாது என்று 2017-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பயப்படாமல் போய்வாருங்கள்.