கடல் கடந்த கரும்பலகை – 9: நிரந்தர விருந்தாளி

வேற்று நாட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கிக் கற்பிக்கும் ஆசிரியர்களின் மனத் தளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இரு வேறு துன்பங்களை ஒரே பெயரால் அழைத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. பழகாத மொழி, உணவு, மரியாதை முறைகள் ஆகியவற்றின் நடுவே நாள்தோறும் வாழ நேர்வதால் உண்டாகும் பண்பாட்டு அழுத்தம் ஒன்று. செய்கிற வேலையின் அமைப்பே மனிதரின் ஊக்கத்தைச் சிறிது சிறிதாக வற்றச் செய்துவிடும் பணிச்சோர்வு மற்றொன்று. முன்னது ஊரால் வருவது, பின்னது உத்தியோகத்தால் வருவது. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் வேலையின் குறையை நாட்டின்மேல் ஏற்றி அந்த மக்களையே வெறுக்கத் தொடங்குகிறார். அல்லது எல்லாவற்றுக்கும் தம் பலவீனமே காரணம் என்று தம்மை நொந்துகொள்கிறார். ஜப்பானின் அரசுப் பள்ளிகளுக்கு அயல்நாட்டு இளைஞர்களை ஆங்கிலத் துணை ஆசிரியர்களாக அழைத்துவரும் ஜெட் திட்டம் 1987 முதல் நடைபெற்றுவருவதால், இவ்வேறுபாட்டை நெருங்கி ஆராய அதைவிடப் பொருத்தமான களம் அமைவது கடினம்.

பண்பாட்டு அதிர்ச்சி என்ற கருத்தைப் பரவலாக்கியவர் காலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர். ஃபின்லாந்து வம்சாவளியில் கனடாவில் பிறந்த இவர், பிரேசிலில் பணியாற்றிய காலத்தில், 1954 ஆகஸ்ட் மாதம் ரியோ டி ஜெனிரோவின் மகளிர் மன்றம் ஒன்றில் ஆற்றிய உரையில், அயல்நாட்டுக்கு இடம்பெயர்க்கப்பட்டவர்களைப் பற்றும் ஒரு தொழில்நோயாகவே இதை விவரித்தார். அவ்வுரை 1960-இல் கட்டுரையாக அச்சேறியது. எப்போது கைகுலுக்குவது, எப்போது அன்பளிப்பு தருவது, ஒருவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பன போன்ற எண்ணற்ற சிறு குறிப்புகளைச் சிந்திக்காமலே பின்பற்றி வாழ்ந்த மனிதர், அவையெல்லாம் ஒரே நாளில் செல்லாக்காசாகிவிடும்போது பதற்றத்துக்கு உள்ளாகிறார் என்பது ஓபெர்க்கின் விளக்கம். அளவுக்கு மீறிக் கை கழுவுதல், குடிநீரையும் உணவையும் பற்றிய ஓயாத ஐயம், சிறு தாமதங்களுக்கும் பொங்கும் சினம், உள்ளூர் மொழியைக் கற்க மறுத்தல், சொந்த நாட்டவரோடு கூடி உள்ளூர்க்காரர்களைக் குறை பேசுதல் ஆகியவற்றை அவர் அடையாளங்களாகக் காட்டினார். இவற்றுள் கடைசி இரண்டும் தனித்து நோக்கத்தக்கவை. ஏனெனில் அவை துன்பத்தின் விளைவாகத் தோன்றி, பிறகு அதே துன்பத்தை வளர்க்கும் காரணங்களாகவும் மாறிவிடுகின்றன.

தொடக்க மயக்கம், பகைமை, மீட்சி, இயைபு என்று ஓபெர்க் நான்கு கட்டங்களை வகுத்தார். அமெரிக்காவில் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் தங்கியிருந்த 200 நார்வேக்காரர்களை ஆராய்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட், 1955-இல் வெளியிட்ட கட்டுரையில், 6 மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களும் 18 மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்கு பொருந்தியிருக்க, இடைப்பட்டவர்களே மிகுதியும் தவித்ததாகக் கண்டார். உயரத்தில் தொடங்கிக் கீழிறங்கி மீண்டும் ஏறும் இக்கோட்டை ஆங்கில எழுத்தான 'யு'வின் வடிவில் வரைந்து, வெளிநாடு செல்வோருக்கான அறிமுக வகுப்புகளில் இன்றும் காட்டுகிறார்கள். ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தும் விதியன்று. நியூசிலாந்துக்குப் படிக்கச் சென்ற ஜப்பானிய மாணவர்களை வந்திறங்கிய முதல் நாளிலிருந்து ஓராண்டு வரை தொடர்ந்து கவனித்த காலீன் வார்டும் உடன் ஆய்வாளர்களும், மனவாட்டம் வந்த புதிதிலேயே உச்சத்தில் இருந்ததாக 1998-இல் எழுதினார்கள். தொடக்க மயக்கம் வாய்க்காதவர் தம்மிடம் ஏதோ கோளாறு என்று அஞ்ச வேண்டியதில்லை என்பதை அறிமுக வகுப்புகள் சொல்லித்தருவதில்லை. இது வருந்தத்தக்க குறை.

பணிச்சோர்வின் வரலாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் ஆர்வத்தோடு உழைத்த தொண்டர்கள் நாளடைவில் களைத்து, எரிச்சலுற்று, நம்பிக்கையிழந்து போவதைக் கண்ட உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974-இல் அந்நிலைக்கு 'பர்ன்அவுட்' என்று பெயரிட்டு எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகிய இருவரும் 1981-இல் அதை அளக்கும் வினாப்பட்டியலை உருவாக்கியபோது அதற்கு மூன்று கூறுகளைக் காட்டினார்கள்: உணர்ச்சி வளம் முழுதும் தீர்ந்துபோன களைப்பு, எதிரில் இருப்பவரை மனிதராக அன்றி முகமற்ற ஒருவராகக் காணும் விலகல், தாம் செய்வதால் எந்தப் பயனும் இல்லை என்ற எண்ணம். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பகுப்பின் 11-ஆம் பதிப்பு இதை ஒரு நோயாகச் சேர்க்காமல், முறையாகக் கையாளப்படாத நாட்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவாக வரையறுத்து, வேலையோடு தொடர்பற்ற களைப்புகளுக்கு இச்சொல்லைப் பயன்படுத்தலாகாது என்றும் வரம்பிட்டது. அந்த வரம்பு அயல்நாட்டு ஆசிரியருக்கு மிகவும் வேண்டியது.

ஜெட் திட்டத்தின் முதல் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்ற நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தனர். பின்னாளில் பங்கேற்ற நாடுகளின் எண்ணிக்கை 70-ஐக் கடந்தது. பட்டம் பெற்றவராக இருந்தால் போதும். ஆசிரியப் பயிற்சி கட்டாயமில்லை. ஒப்பந்தம் ஓராண்டுக்கு உரியது. புதுப்பித்துக்கொண்டே சென்றால் அதிகபட்சம் 5 ஆண்டு தங்கலாம். வகுப்பின் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியருடையது. வந்தவர் அவருக்குத் துணை நிற்பவர். பாடத்தைப் பகிர்ந்து திட்டமிட்டு இருவரும் சேர்ந்து நடத்துவதே ஏட்டில் உள்ள முறை என்றாலும், நடைமுறையில் அது பள்ளிக்குப் பள்ளி, ஆசிரியருக்கு ஆசிரியர் மாறுகிறது. சில பள்ளிகளில் துணை ஆசிரியர் பாடத்தையே வகுக்கிறார். வேறு சிலவற்றில் பாடநூலின் வரிகளை உச்சரித்துக் காட்டிவிட்டு, மாணவர் திரும்பச் சொல்லி முடிக்கும்வரை கரும்பலகையின் ஓரத்தில் நிற்கிறார்.

புதியவர்களுள் பெரும்பாலோர் ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ வந்து சேர்கிறார்கள். ஜப்பானியக் கல்வியாண்டு தொடங்குவது ஏப்ரலில்; ஆகஸ்ட் கோடை விடுமுறைக் காலம். ஆகவே வாசலில் வெளிக்காலணியைக் கழற்றி உள்காலணி அணிந்து பள்ளிக்குள் முதன்முதலாக நுழைகிறவர், மாணவரற்ற வகுப்பறைகளைக் கடந்து, ஆசிரியர் அறையில் தமக்கென ஒதுக்கப்பட்ட மேசையில் அமர்ந்து, நாள் முழுதும் செய்ய ஏதுமின்றிப் பாடநூலைப் புரட்டிக்கொண்டிருக்க நேர்கிறது. ஜப்பானியப் பள்ளியில் இந்த ஆசிரியர் அறைதான் எல்லாவற்றுக்கும் மையம். துணைத் தலைமையாசிரியர் முன்வரிசையில் அறை முழுவதையும் நோக்கி அமர்ந்திருப்பார். மற்றவர்களின் மேசைகள் வகுப்புவாரியாக எதிரெதிரே ஒட்டிப் போடப்பட்டிருக்கும். காலைக் கூட்டம், பெற்றோருக்கான தொலைபேசி அழைப்பு, விடைத்தாள் திருத்தம், மாணவரைக் கண்டிப்பது ஆகிய யாவும் அங்கேயே நடைபெறும். மொழி தெரியாதவருக்கு அந்தக் காலைக் கூட்டம் வெறும் ஒலியாகவே கடந்துபோகிறது. அன்றைய மூன்றாம் பாடவேளை ரத்தானதை, காலியான வகுப்பறையில் போய் நின்ற பிறகே அவர் அறிகிறார்.

சுற்றிலும் உள்ளவர்களோ மூச்சுவிட நேரமில்லாமல் உழைப்பவர்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018-இல் நடத்திய பன்னாட்டு ஆசிரியர் ஆய்வின்படி ஜப்பானின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்தார். பங்கேற்ற நாடுகளின் சராசரி 38 மணி அளவே. மனநலக் காரணங்களால் விடுப்பில் சென்ற ஜப்பானிய அரசுப் பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கை 2023 நிதியாண்டில் 7,000-ஐத் தாண்டியது. இப்படிப்பட்டவர்களின் நடுவே மாலை நான்கு மணிக்கு மேல், பிறருக்கு முன்னதாகக் கிளம்புவதற்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டுவிட்டு, அயல்நாட்டுத் துணை ஆசிரியர் மட்டும் எழுந்து செல்கிறார். அவரைத் தடுப்பவரும் இல்லை, குறை சொல்பவரும் இல்லை. ஆயினும் அந்த அறையின் சுமையில் தமக்குப் பங்கில்லை என்பதை ஒவ்வொரு மாலையும் அவர் உணர்கிறார். வேலை மிகுதியால் மட்டுமே சோர்வு வரும் என்ற பொதுவான எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது. மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட நூல், பணிச்சுமையோடு, முடிவெடுக்கும் உரிமை, உழைப்புக்கேற்ற மதிப்பு, கூடி இயங்கும் உறவு, நேர்மையான நடத்தை, ஏற்கத்தக்க நோக்கம் ஆகியவற்றின் குறைவும் சோர்வுக்கு வித்திடும் என்று விளக்குகிறது. இவற்றுள் முடிவுரிமையும் உறவும் துணை ஆசிரியரின் மேசையில் மிக மெலிந்தே காணப்படுகின்றன.

ஜெட் திட்டத்தை ஆராய்ந்து 2000-இல் நூல் வெளியிட்ட டேவிட் மெக்கனல், வந்தவர்கள் சக ஊழியராக அன்றிச் சிறப்பு விருந்தினராக நடத்தப்பட்டதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். விருந்தினர் நிலை முதல் ஆண்டில் இனிமையானது. பல பள்ளிகளைச் சுற்றிவரும் ஆசிரியர் ஒவ்வொரு வகுப்பிலும் தம் நாட்டின் கொடியையும் குடும்பப் படத்தையும் காட்டித் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் அதே பாடத்தை நடத்துகிறார், கைதட்டல் எழுகிறது. அடுத்த முறை அவ்வகுப்புக்குச் செல்லும்போது வாரங்கள் கடந்திருக்கும். ஒரு மாணவரின் பெயர்கூட நினைவில் இராது. மூன்றாம் ஆண்டிலும் குச்சிகளால் உண்ணும் திறமைக்காகப் பாராட்டப்படுகிறவர், தாம் இன்னும் வாசலிலேயே நிற்பதாக உணர்கிறார். மாஸ்லாக் குறிப்பிட்ட விலகல் இங்கே மனக்கடுமையால் விளைவதன்று. பெயர் அறியும் வாய்ப்பையே தராத அட்டவணையால் விளைவது. ஐந்தாண்டு முடிந்தும் நாட்டை விட்டுப் பிரிய மனமில்லாமல், தனியார் ஆள்வழங்கு நிறுவனங்கள் வழியாக அதே வகையான பள்ளிகளுக்குத் திரும்புவோரின் நிலை இன்னும் கடினம். கோடை விடுமுறையில் ஊதியத்தைக் குறைக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. நிறுவனம் ஒட்டுமொத்தமாகப் பணியை ஏற்றுச் செய்யும் ஒப்பந்த வகையிலோ, வகுப்பில் அருகிலேயே நிற்கும் ஜப்பானிய ஆசிரியர் அவருக்கு நேரடியாக அறிவுறுத்தல் தருவதே சட்டப்படி முறையற்றதாகிவிடுகிறது. சேர்ந்து கற்பிக்க வந்த இருவரைப் பேசவிடாமல் செய்யும் ஓர் ஏற்பாட்டை எந்த நாட்டுக் கல்வித்துறையும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

எனவே சமாளிக்கும் வழி, துன்பம் எவ்வகையது என்பதை அறிவதிலிருந்தே தொடங்க வேண்டும். விடுமுறை நாளிலும் அங்காடியிலும் ரயிலிலும் எரிச்சல் மேலிட்டு, வகுப்பறைக்குள் நுழைந்ததும் அது தணிந்துவிட்டால், அது பெரும்பாலும் பண்பாட்டு அழுத்தம். ஊர் பிடித்திருக்கிறது, அண்டை வீட்டாரோடு சிரித்துப் பேச முடிகிறது, ஆனால் பள்ளி வாசலில் காலணி மாற்றும்போதே மனம் சுருங்குகிறது என்றால், அது பணிச்சோர்வு. முன்னதற்கு மருந்து விலகுவதன்று, நெருங்குவது. சொந்தப் பண்பாட்டையும் கைவிடாமல் புகுந்த நாட்டின் வாழ்விலும் பங்கேற்பவர்களே பொதுவாகக் குறைந்த அழுத்தத்தோடு வாழ்கிறார்கள் என்பதும், இரண்டிலிருந்தும் அறுபட்டவர்களே மிகுதியும் துன்புறுகிறார்கள் என்பதும் ஜான் பெர்ரியின் நீண்டகால ஆய்வுகளின் சாரம். ஆகவே சொந்த நாட்டவரோடு வார இறுதியில் கூடுவதைத் தவறென்று ஒதுக்க வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தின் பேச்சு முழுதும் உள்ளூர்க்காரர்களைப் பற்றிய குறையாகவே மாறிவிடும் நாளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பெரிய பாராட்டுக்குரிய மொழிப்புலமையும் தேவையில்லை. காலைக் கூட்டத்தில் பாடவேளை மாற்றத்தைக் குறிக்கும் சொற்களும், மேசைக்கு எதிரே அமர்ந்திருப்பவரின் குழந்தையைப் பற்றி விசாரிக்கும் அளவு பேச்சும் கைவந்தால், அந்த அறை ஒலிக்கூடமாக இருப்பது மாறி அலுவலகமாகிவிடுகிறது.

பணிச்சோர்வுக்கோ இந்த நெருக்கம் மட்டும் போதாது; வேலையின் வடிவமே சிறிதேனும் மாற வேண்டும். துணை ஆசிரியரின் அதிகாரத்துக்குள் இருப்பவை சிலவே என்றாலும் அவை அற்பமானவை அல்ல. மாணவரோடு அமர்ந்து மதிய உணவு உண்ணுதல், மாலையில் ஏதேனும் ஒரு மாணவர் மன்றத்தில் வாரந்தோறும் தவறாமல் கலந்துகொள்ளுதல், ஒரு வகுப்பின் கட்டுரை ஏடுகளைத் திருத்தும் பொறுப்பைக் கேட்டுப் பெறுதல் ஆகியவை, முகமற்ற கூட்டத்தைப் பெயருள்ள பிள்ளைகளாக மாற்றுகின்றன. இங்கே கேட்டுப் பெறுதல் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் விருந்தாளிக்கு வேலை சொல்வது மரியாதைக் குறைவு என்று கருதும் ஜப்பானிய சக ஆசிரியர், தாமாக முன்வந்து பொறுப்பை ஒப்படைப்பது அரிது. ஊக்கமின்மை என்று புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் அந்தத் தயக்கம் பெரும்பாலும் அச்சக ஆசிரியரின் பரிவின் வெளிப்பாடே ஆகும். உறக்கம் கெடுதல், உணவு வெறுத்தல், வாழ்வில் பிடிப்பற்றுப் போதல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அது மேற்கண்ட இரண்டையும் கடந்துவிட்ட நிலை. அப்போது மருத்துவ உதவியை நாடுவதே முறை. ஜப்பானில் வாழும் அயல்நாட்டவருக்காக 1973 முதல் ஆங்கிலத்தில் தொலைபேசி ஆலோசனை வழங்கிவரும் டெல் என்ற அமைப்பு இத்தகையோருக்கு நெடுங்காலத் துணையாக இருந்துவருகிறது.

திட்டத்தின் கால அட்டவணையில் கவனிக்கத்தக்க ஓர் ஒற்றுமை உண்டு. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, ஊர் திரும்புவதா என்ற முடிவை ஜெட் ஆசிரியர் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. ஆகஸ்டில் வந்தவருக்கு அது ஏறத்தாழ ஆறாம் மாதம். லிஸ்கார்டின் கோடு சரியத் தொடங்கும் இடம். தாழ்வாரங்களில் சூடேற்றும் வசதியில்லாத பள்ளிக் கட்டடங்களும், மண்ணெண்ணெய் அடுப்பின் அருகே ஒடுங்க வேண்டிய வீடுகளும், விரைவில் இருட்டிவிடும் மாலைகளும் அந்தச் சரிவை மேலும் ஆழமாக்குகின்றன. ஆகவே அந்தப் படிவத்தை நிரப்பும் முன், குளிராலும் ஊராலும் வந்த தளர்ச்சியைத் தனியே பிரித்து ஒதுக்கிவிட்டு, பள்ளிக்குள் செய்கிற வேலையைப் பற்றி மட்டும் ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஊர் வாட்டுகிறது, வேலை வாட்டவில்லை என்றால், ஏப்ரலில் புதிய கல்வியாண்டு தொடங்கும்வரை பொறுத்துப் பார்ப்பதற்குப் போதிய காரணம் இருக்கிறது. வேலைதான் வாட்டுகிறது என்றால், புதுப்பிப்பதற்கு முன்பே கல்வி அலுவலகத்திடம் பேசி, செல்ல வேண்டிய பள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைக்கவோ ஒரே பள்ளியில் நிலைக்கவோ கேட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கல்வி அலுவலகமும் இணங்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அடுத்த ஆண்டுக்கான பள்ளி ஒதுக்கீடு கல்வியாண்டு முடியும் அந்தக் குளிர்கால மாதங்களில்தான் உருவாகிறது. அதற்குள் கேளாதவரின் பெயர் பழைய சுற்றிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

(தொடரும்)