கேலிக்கும் கண் வேண்டும்

1913 மார்ச் 20 அன்று நியூயார்க்கின் ஈவினிங் சன் நாளிதழில் ஜே. எஃப். கிரிஸ்வால்டின் கேலிச்சித்திரம் ஒன்று வெளிவந்தது. சுரங்க ரயிலுக்குப் படியிறங்கும் அலுவலக நேரக் கூட்டம். தொப்பி, முழங்கை, மூக்கு எல்லாம் கோணல் துண்டுகளாகி ஒன்றன்மேல் ஒன்று சரிகின்றன. எது யாருடைய கை, எது யாருடைய கால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கேலிக்கு ஆளானது, மார்செல் துஷாம்ப் 1912இல் தீட்டிய ‘படியிறங்கும் நிர்வாண உருவம், எண் 2’. அந்த ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஆர்மரி ஷோ என்னும் நவீனக் கலைக் கண்காட்சியில் ஏறக்குறைய 1,300 படைப்புகள் இருந்தும் கூட்டம் முண்டியடித்தது இதன் முன்னால்தான். படத்தில் அந்த உருவம் எங்கே இருக்கிறது என்று விளக்குபவருக்கு 10 டாலர் பரிசு என்று ஒரு கலைப் பத்திரிகை அறிவித்தது.

கிரிஸ்வால்ட் சிரிக்கத்தான் வரைந்தார். ஆனால் அப்படி வரைய, துஷாம்பின் கோடுகள் எப்படி நகர்கின்றன என்று ஊன்றிப் பார்த்திருக்க வேண்டும். நகரத்து நெரிசலைக் காட்ட இந்தப் பாணியைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பதைக் கேலி செய்தவரே நிரூபித்துவிட்டார். அந்தக் கால விமரிசனக் கட்டுரைகள் பலவற்றைவிட இந்த ஒரு சித்திரம் ஓவியத்துக்கு நெருக்கமாகப் போயிருக்கிறது.

அன்றைய கேலி எல்லாமே இந்தத் தரம் என்று சொல்ல மாட்டேன். 1877இல் பாரிஸின் லெ ஷாரிவாரி இதழில் ஷாம் வரைந்த படத்தில், இம்ப்ரஷனிஸ்ட் கண்காட்சி வாசலில் ஒரு கர்ப்பிணியைக் காவலர் தடுத்து நிறுத்துகிறார். உள்ளே போனால் ஆபத்தாம். நல்ல சிரிப்புதான், ஆனால் அது வாசலோடு நின்றுவிடுகிறது.

இன்றைய கேலியும் பெரும்பாலும் வாசலில்தான் நிற்கிறது. அங்கே தொங்குவது விலைச்சீட்டு. 2019இல் மயாமியில் மவுரிசியோ கட்டெலான் ஒரு வாழைப்பழத்தை டேப்பால் சுவரில் ஒட்டி 1,20,000 டாலர் விலை வைத்தார். உடனே உலகமே கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுவரில் ஒட்டிப் படம் பிடித்துப் போட்டது. 2024 நவம்பரில் அதே படைப்பு 62 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் பழத்தை உரித்துத் தின்றார். படைப்பின் பெயரே ‘காமெடியன்’. கலைஞர் தானே முந்திக்கொண்டு சிரிக்கும்போது கார்ட்டூனிஸ்ட் இன்னும் கூர்ந்து பார்த்தாக வேண்டும். அந்த உழைப்பு இன்று குறைந்துபோனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

துஷாம்பின் ஓவியம் அன்று 324 டாலருக்கு விற்றது. இப்போது ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆர்மரி ஷோவைப் பற்றிப் பேசுபவர்கள் கிரிஸ்வால்டின் சித்திரத்தையும் கூடவே காட்டுகிறார்கள். வாழைப்பழத்தைக் கிண்டலடித்த படங்களில் ஒன்றுகூட என் நினைவில் தங்கவில்லை. விலை மட்டும் தங்கியிருக்கிறது.